முன் அனுமதி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் அவர் இருந்தார். நான் மூன்றாம் மாடி. ஒரு சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், ஒரு நீண்ட வெள்ளைக் குழாயை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். பூசிய பெயின்ற் இன்னும் காயவில்லை.

"பிள்ளை, இதை உங்கட கதவுக்குப் பக்கத்திலை காய வைக்கலாமோ? எங்கட மாடிக்கு வெயில் வாறேல்லை. கரைச்சலெண்டா சொல்லுங்கோ, நான் வேற இடம் பாக்கிறன்."

அது எல்லோருக்கும் பொதுவான நடைபாதை. அங்கே ஒருவர் சைக்கிள் வைத்திருந்தார், இன்னொருவர் பழுதாய்ப்போன குளிர்சாதனப் பெட்டியையே வைத்திருந்தார். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

"தாராளமா வையுங்கோ அங்கிள். என்ன இது?"

லிப்ட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரொக்கெட்," என்றார், பெண்பிள்ளை முன்னால் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்வது போல. உடனே அவசரமாக, "விளையாட்டு ரொக்கெட். கடதாசி. உள்ளுக்கை ஒண்டும் இல்லை, வேணுமெண்டாப் பாருங்கோ," என்று குழாயின் வாயை என் பக்கம் திருப்பினார். நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். சோதனைச் சாவடியில் நிற்கும் ஆளைப் போல நானும் தலையை ஆட்டி, சரி என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வாரமே என்னைக் கழகத்தில் சேர்த்துவிட்டார். வார இறுதியில் உருப்படியான வேலை இல்லாத பெரிய ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்திய கழகம் அது. தலைவர் சமிந்த, பல் வைத்தியர். கூட்டம் நடப்பது கொட்டாஞ்சேனையில், ரிஸ்வான் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில். புடவைக் கடைகளில் துணி சுற்றி வரும் தடித்த கடதாசிக் குழாய்தான் ரொக்கெட்டின் உடம்பு. வால் பக்கம் மெல்லிய பலகையில் சிறகுகள், உள்ளே குடைத் துணியில் தைத்த ஒரு பரசூட், அடியில் வெளிநாட்டிலிருந்து வரும் விரலளவு மோட்டார். வயர் இழுத்துத் தள்ளி நின்று பொத்தானை அமத்தினால் சீறிக்கொண்டு மேலே போகும். உச்சிக்குப் போனதும் பரசூட் விரியும். ஆடி ஆடிக் கீழே வரும். எல்லாம் ஒரு நிமிட விளையாட்டு. அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் மாதக்கணக்கில் கடிதம் எழுதுவார்.

கழகத்தில் அவரைப் பெர்மிட் அங்கிள் என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேரேயே அழைத்தார்கள். அப்படி அழைக்கலாமா என்று தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்பது மட்டும்தான் அவருக்கு மனக்குறை.

ரொக்கெட் விடும் நாள் என்று ஒன்றை முடிவு செய்தால், அந்தப் பகுதிப் பொலிசுக்கு ஒரு கடிதம், கிராம சேவகருக்கு ஒன்று, விமானப் பறப்பைக் கவனிக்கும் திணைக்களத்துக்கு ஒன்று, பக்கத்தில் இராணுவ முகாம் இருந்தால் அதற்கு ஒன்று, வயலுக்குச் சொந்தக்காரருக்கு ஒன்று, விகாரையின் தலைமைத் தேரருக்கு ஒன்று. எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். எந்தக் கடிதத்திலும் ரொக்கெட் என்ற சொல் இராது. 'மீளப் பயன்படுத்தக்கூடிய கடதாசிப் பறப்புச் சாதனம்' என்று இருக்கும். ஒருமுறை வயலில் மேயும் எருமைகளின் சொந்தக்காரரைத் தேடிப் போய், சத்தத்தில் மாடுகள் மிரளுமா என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர், மாடுகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பல்கனிக்குப் புதுத் திரைச்சீலை போடக் கட்டட நிர்வாகக் குழுவுக்கு எழுதினார். கலியாண வீட்டில் இரண்டாம் முறை புடிங் எடுக்க மாப்பிள்ளையின் தகப்பனைத் தேடிப் போனார். அவருடைய மனைவி, நாங்கள் ஆன்ரி என்று அழைப்பவர், இதையெல்லாம் சிரிக்காமல் சொல்லுவார்.

"என்னைக் கேக்க முதல் எங்கட அப்பாவைக் கேட்டவர். அம்மாவைக் கேட்டவர். பிறகு எங்கட சங்கக்கடை மனேச்சரையும் கேட்டவர், ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. இவர் கேட்டு முடிய என்ர தங்கச்சி கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையும் பெத்திட்டாள்."

துறைமுகத்தில் வந்து இறங்கும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் அவருக்கு வேலை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். மற்றவர்களிடம் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் கொள்கலனை இவர் இரண்டு மேசை ஏறி இறங்கி வெளியே கொண்டுவந்துவிடுவார். அப்படிப்பட்டவர் தன்னுடைய ரொக்கெட்டை மட்டும் பல தடவை வயலுக்குக் கொண்டு போய், விடாமலே திருப்பிக் கொண்டுவந்தார். ஒருமுறை விகாரையிலிருந்து பதில் வந்திருக்கவில்லை. இன்னொரு முறை எல்லாம் வந்திருந்தன, ஆனால் ஒரு கடிதத்தில் திகதி ஒரு நாள் தள்ளியிருந்தது. மற்றவர்கள் அவர் வாங்கிய அனுமதியில் தங்களுடையதை விட்டுவிட்டு வந்தார்கள். அவர் நாங்கள் வந்த வான் வண்டிக்குள் ஏறி வெள்ளைக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் சரியாக அமைந்த நாளும் ஒன்று வந்தது. அவிசாவளை வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் ஒரு வயல்வெளி. அறுவடை முடிந்து தரை வெடித்துக் கிடந்தது. கொக்குகள் நின்றன. அவருடைய பைலில் எல்லாக் கடிதங்களும் இருந்தன, எல்லாவற்றிலும் நீல நிற முத்திரை இருந்தது. திகதிகளை வானுக்குள் வைத்து இன்னொருமுறை சரிபார்த்தார்.

முதலில் சமிந்தவின் சிவப்பு ரொக்கெட். எங்கள் கழகத்தில் பின்னோக்கி எண்ணுவது மூன்று மொழிகளிலும் நடக்கும். அங்கிள் கொண்டுவந்த பிரேரணை அது, ஏகமனதாக நிறைவேறியது. நடைமுறையில், சிங்களத்தில் எண்ணி முடிந்ததும் சமிந்த பொத்தானை அமத்திவிடுவார். தமிழில் எண்ணத் தொடங்கும்போது ரொக்கெட் தரைக்கு வந்திருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். சிவப்பு ரொக்கெட் கொஞ்சத் தூரம் போய், ஏதோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பி, மூக்கால் வயலில் குத்தி நின்றது. காய்ந்த வைக்கோல் பற்றிக்கொண்டது. சாக்குகளால் அடித்து அணைத்தோம். ரிஸ்வான் நானாவுடையது மேலே போனது, பரசூட் விரியவில்லை. நானா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "போனதே பெரிய விசயம்," என்றார்.

பிறகு அங்கிளின் முறை. ரொக்கெட்டை வயலில் நட்டிருந்த ஏவு கம்பியில் ஏற்றினார். அதன் ஒரு சிறகில் தன் முழுப்பெயரையும் விலாசத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மூன்று மொழிகளில் எழுதியிருந்தார். வேறு வளவில் விழுந்தால் கண்டெடுத்தவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கக்கூடாதாம். சமிந்தவைப் பார்த்தார். "விடலாமா டொக்டர்?" நானாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூரத்தில் நின்ற எருமைக்காரரையும் பார்த்தார். சிங்களத்தில் எண்ணினோம், ஆங்கிலத்தில் எண்ணினோம், தமிழில் எண்ணினோம். கழகத்தின் சரித்திரத்தில் மூன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் போன ஒரே ரொக்கெட் அதுதான்.

அது அழகாகப் போனது. நேராக, வெள்ளைக் கோடு போலப் போய், எல்லாவற்றையும் விட உயரத்தில் பரசூட்டை விரித்தது. பிறகு காற்று அதைப் பிடித்துக்கொண்டது. வயலைக் கடந்து, தென்னைகளைக் கடந்து, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"தெற்காலை போகுது," என்றார் அங்கிள். "அந்தப் பக்கத்துக்கு நான் எழுதேல்லை."

நாங்கள் தேடிப் போக ஆயத்தமாகும் முன்னரே அது திரும்பி வந்தது, ஒரு பொலிஸ் சார்ஜனின் மோட்டார் சைக்கிளில், அவருடைய மடிக்குக் குறுக்கே. அது போய் விழுந்தது தானம் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டு முற்றத்தில். பிக்குமார் அன்னம் அருந்திக்கொண்டிருந்தார்களாம். யாரோ பொலிசுக்கு அழைத்து, ரொக்கெட் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். கடிதங்களில் எங்கும் வராமல் அவர் இத்தனை காலம் காத்து வந்த சொல், தொலைபேசியில் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

சார்ஜன் சிறகில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். நீளமான தமிழ்ப் பெயர். "யார் இது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அங்கிள் முன்னுக்கு வந்து பைலை நீட்டினார். சார்ஜன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது.

"இத்தனை கடிதம் எதற்கு?"

"எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறோம், சேர்."

"தவறு ஒன்றும் செய்யாத ஆள் இவ்வளவு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிவானா?"

வயலுக்குத் தீ வைத்தது சமிந்த. அவரைச் சார்ஜன் திரும்பியும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவருடைய பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை நிலையத்துக்கு வரச் சொன்னார். நாங்களும் வானில் பின்னால் போனோம்.

பொறுப்பதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வெளியே ஒரு வாங்கில் உட்காரச் சொன்னார்கள். ஆன்ரிக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் மட்டும் வங்கியில் இலக்கம் கூப்பிடும்வரை இருப்பவரைப் போல இருந்தார்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. இது நல்ல ஸ்டேசன். வாங்கு போட்டிருக்கினம். நான் முந்தி இருந்ததிலை வாங்கு இல்லை."

"முந்தியோ?"

"கொட்டாஞ்சேனை லொட்ஜிலை இருக்கேக்கை. கூரையிலை அன்டனா ஒண்டு ஏத்தினனான், கிரிக்கெட் மட்ச் பாக்க. நான் ஆருக்கோ செய்தி அனுப்புறன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். கொஞ்ச மாசம்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் உள்ளுக்கை இருக்கேக்கைதான் மட்ச் நடந்தது. இலங்கை வெண்டிட்டுது. அது எனக்கு எப்பிடித் தெரியுமெண்டா, அவங்கள்தான் வந்து சொன்னவங்கள். கேக் துண்டும் தந்தவங்கள்."

ரிஸ்வான் நானா நாக்கைச் சப்புக்கொட்டினார். "அதுக்குப் பொறகுதானா அங்கிள் இப்பிடி எல்லாத்துக்கும் கேக்க ஆரம்பிச்ச?"

எங்கள் எல்லோருக்கும் அந்தக் கணத்தில் அவரைப் புரிந்துவிட்டது போல இருந்தது. அந்தப் புரிதலையும் அவர் நிலைக்க விடவில்லை.

"இல்லை நானா. அதுக்கும் கேட்டனான். லொட்ஜ்காரரைக் கேட்டனான், அவர் ஓமெண்டவர். பிறகு பொலிஸ் வரேக்கை தனக்குத் தெரியாதெண்டிட்டார்."

"பிறகேன் அங்கிள் இன்னும் கேக்கிறீங்கள்?" என்றேன்.

இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார். "அப்ப வாயாலை கேட்டனான். அதுதானே பிழை."

பொறுப்பதிகாரி அண்மையில் மாற்றலாகி வந்தவர், இளம் ஆள். உள்ளே கூப்பிட்டதும் அங்கிள் கதவில் நின்று, வரலாமா என்று கேட்டார். பிறகு, உட்காரலாமா என்று கேட்டார். அதிகாரி கடிதங்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். முத்திரைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவை அனுமதி இல்லையே," என்றார் சிங்களத்தில். "கடிதம் கிடைத்தது என்ற முத்திரை. எல்லாமே கிடைத்தது, கிடைத்தது என்றுதான் இருக்கிறது. யாரும் உங்களுக்கு எதையும் தரவில்லை."

சுங்கத்தில் தலைமுடி நரைத்த மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மறுப்பு வராததையே அவர் அனுமதியாக எடுத்துப் பழகியிருந்தார் என்று நினைக்கிறேன். எங்களில் பலரும் அப்படித்தானே இருக்கிறோம்.

"கடதாசி ரொக்கெட்டுக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை சேர்."

"அப்போ ஏன் கேட்டீர்கள்?"

"கேட்காமல் விட்டால் நல்லதில்லையே, சேர்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் இல்லை, களைப்புத்தான். "நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் எனக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான். தான வீட்டில் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது இங்கே ஒரு பைல் இருக்கிறது. பைல் இருந்தால் முடிவு இருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேலே அனுப்புகிறேன். பதில் வரும்வரைக்கும் விடக்கூடாது."

பின்னேரம் எங்களைப் போகச் சொன்னார்கள். வெள்ளை ரொக்கெட்டை வைத்துக்கொண்டார்கள். அங்கிள் அதற்கு ஒரு பற்றுச்சீட்டு கேட்டார். கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில், வானுக்குள், கொலன்னாவை தாண்டியபிறகு சமிந்த வெடித்தார். பல் வைத்தியர்கள் பொதுவாக மற்றவர்களைப் பேசவிடுவதில்லை, அன்றைக்கு அங்கிளும் வாயைத் திறக்கவில்லை. இந்த நாட்டில் யாரும் தடை செய்யாத ஒரே விளையாட்டு இதுதான் என்றும், அதையும் தேடிப் போய்த் தடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றும் சமிந்த சொன்னார். அங்கிள் கடைசியில், "நாளைக்கு மேலிடத்துக்கு ஒரு நினைவூட்டல் எழுதிப் போடுறன்," என்றார்.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. நினைவூட்டல்களுக்கு, கிடைத்தது என்று மட்டும் வந்தது.

சில மாதம் கழித்து, அங்கிள் வராத ஒரு கூட்டத்தில், சமிந்த வேறு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். நீர்கொழும்புக்கு அப்பால், கடலை ஒட்டிய வெறுந்தரை. யாருக்கும் எழுதுவதில்லை, யாரையும் கேட்பதில்லை. பெர்மிட் அங்கிளுக்கு மூச்சும் விடக்கூடாது.

"எனக்கு அது ஏலாது," என்றேன். "ஒரே லிப்டிலை போய் வாறம்."

ரிஸ்வான் நானா பெயின்ற் வாளியில் தாளம் போட்டுக்கொண்டு யோசித்தார். "அவருக்கிட்ட விசயத்தச் செல்லுங்க. அவருக்கு ஒளிச்சிச் செய்ற விளையாட்டும் ஒரு விளையாட்டா?"

அன்று பின்னேரமே லிப்டில் சொல்லிவிட்டேன். அவர் மாடி இலக்கங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தில் கதவு திறந்தது. "நல்லா நடத்துங்கோ," என்றுவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு விடிய வான் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது அவர் வாசலில் நின்றார். ஒரு கையில் குடை, மறு கையில் புது ரொக்கெட், அதுவும் வெள்ளை. பைல் இல்லை. பைல் இல்லாமல் அவரைப் பார்க்க, சேட்டு போடாமல் தெருவுக்கு வந்துவிட்டவர் போல இருந்தது.

"நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை," என்றார் பொதுவாக எல்லோரையும் பார்த்து.

சமிந்த கதவைத் திறந்துவிட்டார். அவர் ஏறினார்.

அந்த இடத்தில் எங்களைப் பார்க்க ஒரு ஆட்டுக்காரர் மட்டும் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், அலுத்துப்போய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிள் தன் முறை வந்ததும் ரொக்கெட்டைக் கம்பியில் ஏற்றினார். சிறகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பொத்தானை அமத்தினார். அது போனது, முதல் ரொக்கெட்டை விட உயரமாக. பரசூட் விரிந்தது. காற்று அன்றைக்கு எங்கள் பக்கம். குடையை நீட்டினால் பிடிக்கலாம் என்ற தூரத்தில் வந்து இறங்கியது. நாங்கள் கை தட்டினோம். ரிஸ்வான் நானா அவரைக் கட்டிப்பிடித்தார்.

அவருடைய சேட்டு முழுக்க வியர்வை. வானுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சோத்துப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிக்கவில்லை.

"நல்லாப் போச்சுது அங்கிள்," என்றேன்.

"அப்பிடியோ?" என்றார். "எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு பிள்ளை. ரோட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், ஆரும் வருகினமோ எண்டு."

பக்கத்தில் உட்கார்ந்து என்னுடைய பார்சலைச் சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நீர்கொழும்பு பஸ் ஏறினார். நேற்று நாங்கள் ரொக்கெட் விட்ட இடம் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குச் சேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டு போய், அங்கே ஒரு கடிதம் கொடுத்தார். நேற்றுக் காலை கடதாசிப் பறப்புச் சாதனம் பறக்கவிட்டதற்கு இன்று அனுமதி கோரும் கடிதம்.

அங்கே இருந்தவர் ஓய்வுக்குக் கிட்டிய ஒரு இன்ஸ்பெக்டர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். யாருக்காவது காயமா என்று கேட்டாராம். ஏதாவது எரிந்ததா? முறைப்பாடு ஏதும் வந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை. அப்படியென்றால், நிகழ்வு ஏற்கனவே அசம்பாவிதம் இல்லாமல் நடந்து முடிந்துவிட்டபடியால் ஆட்சேபனை இல்லை என்று அடியில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் உண்மையான அனுமதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். நடக்கப் போவதற்கு அனுமதி கொடுக்கத்தான் எல்லோருக்கும் பயம். நடந்து முடிந்ததற்குக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை என்பதை அவர் இவ்வளவு காலம் கழித்துக் கண்டுபிடித்திருந்தார்.

"ஒரு கேள்வி கேக்கேல்லை பிள்ளை. தேத்தண்ணியும் தந்தவர்," என்றார்.

அதன் பிறகு கழகம் அப்படியே நடந்தது. ஞாயிறு ரொக்கெட், திங்கள் அனுமதி. சமிந்த தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. அங்கிளிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. நாளைக்குக் கேட்கப் போகிறோம் என்ற தைரியத்தில், ரொக்கெட் கிளம்பும்போது தென்னை மர உயரம் வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். அடுத்தடுத்த தடவைகளில் பார்வை இன்னும் கொஞ்சம் மேலே போனது.

ஒரு திங்கட்கிழமை, நான் வேலை செய்யும் வங்கியில் எனக்கும் லீவு இருந்ததால், அவருடன் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், கடிதத்தில் பழக்கப்பட்ட வேகத்தில் எழுதி முத்திரை குத்தினார். கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்:

"அடுத்தது எப்போது, மாத்தயா?"

அங்கிள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லை, தடுப்பதற்காகக் கேட்கவில்லை. என்னுடைய மகளுக்கு இதையெல்லாம் பார்க்க ஆசை. வீட்டில் சொல்லப் போய் என்னை விடுகிறாள் இல்லை." அவர் மேசையில் இருந்த பேனையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். "நான் யூனிபோர்ம் போடாமல் வருகிறேன். நாங்கள் இரண்டு பேரும் வரலாமா?"

லொட்ஜ்காரர், சுங்க அதிகாரி, நிர்வாகக் குழு, மாமனார், சங்கக்கடை மனேச்சர் என்று எல்லோர் முன்னாலும் நின்று கேட்டவர் அவர். அவர் முன்னால் ஒருவர் கேட்டுக்கொண்டு இருப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு இன்ஸ்பெக்டர். தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"கழகக் கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன், சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் இதைவிட வேறு பதிலை எதிர்பார்க்காதவர் போலத் தலையை ஆட்டினார். அது அவரே நாள் முழுக்கச் சொல்லும் பதில்தானே.

வெளியே வந்து கொழும்பு பஸ் ஏறினோம். யன்னல் ஓரமாக உட்கார்ந்து, முத்திரை குத்திய தாளை நான்காக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். ஜா-எல தாண்டியிருக்கும்.

"பிள்ளை, அவர் கேட்ட உடனை ஓமெண்டு சொல்லியிருக்கலாம், என்ன?"

"ஓம் அங்கிள்."

"பிள்ளைக்கு ஆசையெண்டு சொன்னவர்."

"ஓம்."

எழும்பினார். நெரிசலுக்குள் கையை நீட்டி மணியை அடித்தார். இங்கே நிறுத்தம் இல்லை என்று கண்டக்டர் கத்தினார். அவர் இன்னொரு தரம் அடித்தார். பஸ் நின்றதும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, வாகனங்களைக் கையால் மறித்தபடி வீதியைக் கடந்து, நீர்கொழும்புப் பக்கம் போகும் பஸ்ஸுக்காகப் போய் நின்றார். நானும் இறங்கி ஓடினேன்.